முதல் இன்னிங்ஸில் ஓட்டம் வருமா, வராதா? பேஸ்போல் பந்தயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஒக்டோபரில் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி, பேஸ்போலின் பெரிய லீக்கில் வெற்றிக் கிண்ணத்துக்கான இறுதித் தொடராகிய உலகத் தொடர் வரை போனதிலிருந்து மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் பேஸ்போல் பேச்சு கூடியிருக்கிறது. ஸ்காபரோவில் இருக்கும் மச்சான்மாரும் மாமி பிள்ளைகளும் வட்ஸ்அப்பில் ஆட்டத்தின் துண்டுகளை அனுப்புகிறார்கள். கூடவே தாங்கள் கட்டிய பந்தயத்தின் படத்தையும் அனுப்புகிறார்கள். அந்தப் படங்களில் திரும்பத் திரும்ப வருவது முதல் இன்னிங்ஸ் பந்தயம்தான். நான் கணிதம் படிப்பிப்பவன், பேஸ்போலை விரும்பிப் பார்ப்பவன். அதனால் பொடியன்மார், அவர்களின் தாய் தகப்பன்மார் என்று இரு பக்கமிருந்தும் என்னிடம் கேள்விகள் வருகின்றன. எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது என்ன பந்தயம்?

ஓர் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸ் முடியும்போது இரண்டு அணியில் எந்த அணியாவது ஓர் ஓட்டமாவது எடுத்திருக்குமா என்பதே கேள்வி. "ஓட்டமில்லை" என்று கட்டினால் இரு அணியும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். "ஓட்டமுண்டு" என்று கட்டினால் யாராவது ஒருவர் ஓடி வந்து ஓர் ஓட்டம் சேர்த்தால் போதும். கனடாக்காரர் இவற்றை என்.ஆர்.எஃப்.ஐ., வை.ஆர்.எஃப்.ஐ. என்று எழுத்துக்களால் சொல்வார்கள். யார் வெல்வார், எத்தனை ஓட்டத்தால் வெல்வார் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. முதல் அணி அடிக்கும்போதே ஓட்டம் வந்துவிட்டால் பந்தயம் அந்த இடத்தில் முடிந்துவிடும். வராவிட்டாலும் பதினைந்து இருபது நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

இந்தப் பந்தயத்தின் கவர்ச்சியும் அந்த இருபது நிமிடம்தான், ஆபத்தும் அதுதான். அமெரிக்காவின் பெரிய லீக்கில் 30 அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. மொத்தம் 2,430 ஆட்டம். எல்லா அணியும் ஆடும் நாளில் பதினைந்து ஆட்டம் நடக்கும். கட்ட வேண்டும் என்ற ஆசை வந்தவருக்கு மார்ச் கடைசியிலிருந்து செப்டெம்பர் கடைசி வரை ஓய்வு நாள் என்பதே கிடைப்பது அரிது.

எனக்கு பேஸ்போலே தெரியாது. கிரிக்கெட்டும் எல்லேயும் தெரியும். போதுமா?

போதும். எல்லே ஆடியவருக்கு அடித்துவிட்டு வட்டமாக ஓடுவது புதிதில்லை. பேஸ்போலிலும் அடித்தவர் முதல், இரண்டாம், மூன்றாம் தளங்களைத் தொட்டுக்கொண்டு கடைசியாக வீட்டுத் தளத்தை மிதித்தால் ஓர் ஓட்டம். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் வெளியூர் அணி முதலில் அடிக்கும், பிறகு சொந்த மைதானத்து அணி அடிக்கும். மூன்று பேர் ஆட்டமிழந்தால் அந்த அணியின் முறை முடிந்தது.

கிரிக்கெட் பழகிய கண்ணுக்குப் புரியக் கொஞ்சம் நாள் எடுப்பது ஓட்டத்தின் மதிப்பு. ஓர் அணி முழு ஆட்டத்திலும் சராசரியாக நாலு, நாலரை ஓட்டம்தான் எடுக்கும். ஓட்டமே இல்லாத இன்னிங்ஸ்கள் அங்கே வழமையானவை.

நம் பக்கத்தில் இந்த விளையாட்டு ஏன் இல்லை? அமெரிக்கப் பாதிரிமார் இருந்தார்களே?

நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் மட்டக்களப்பில் பல பத்தாண்டுகள் பணி செய்தார்கள். வெபர் மைதானத்துக்குப் பெயர் கொடுத்த அருட்தந்தை ஹரல்ட் வெபரும் அவர்களில் ஒருவர். அவர்கள் காலத்தில் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து வேரூன்றியது. பேஸ்போல் அப்படி வேரூன்றவில்லை. இலங்கையில் அது இன்றும் சிறிய வட்டத்துக்குள்தான் ஆடப்படுகிறது. ஹோமாகமவுக்கு அருகே தியகமவில் ஜப்பான் உதவியோடு கட்டிய மைதானம் ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் பேஸ்போலை முதலில் ஒரு விளையாட்டாகச் சந்திக்காமல் பந்தயமாகச் சந்திப்பது எனக்கு உண்மையாகவே மன வருத்தம் தருகிறது.

முதல் இன்னிங்ஸில் அப்படி என்ன தனித்தன்மை?

அடிக்கும் வரிசைதான். ஆட்டம் தொடங்கும் முன்பே ஒன்பது பேரின் வரிசையைப் பயிற்சியாளர் எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த வரிசை சுழன்றுகொண்டே இருக்கும். நாலாம் இன்னிங்ஸில் யார் முதலில் அடிப்பார் என்பது மூன்றாம் இன்னிங்ஸ் எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது. முதல் இன்னிங்ஸில் மட்டும் சந்தேகமே இல்லை. முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆள் கட்டாயம் அடிப்பார்கள். பயிற்சியாளர் தன்னிடமுள்ள சிறந்தவர்களை அந்த இடங்களில்தான் வைப்பார். ஒருவர் தளத்துக்குப் போய்விட்டால் நாலாவதாக வருபவர் பெரும்பாலும் அணியின் பலசாலி.

எதிரே நிற்கும் பந்துவீச்சாளரோ அப்போதுதான் மேட்டில் ஏறியிருக்கிறார். அன்றைக்குத் தன் வளைபந்து விழுகிறதா, நடுவர் எந்த உயரம்வரை நல்ல பந்து என்று கொடுக்கிறார் என்பதையெல்லாம் அவர் இனித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்வதால் ஒன்பது இன்னிங்ஸிலும் சராசரியாக அதிக ஓட்டம் வருவது முதலாவதில். அதற்கு அடுத்ததில், வரிசையின் பின்பாதி அடிக்க வரும்போது, ஓட்டம் குறைந்துவிடும்.

2023இல் விதிகள் மாறின. தளத்தின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது. தளத்தில் நிற்பவரைப் பிடிக்க பந்துவீச்சாளர் காவல்காரருக்குப் பந்தை எறிந்து பார்ப்பதற்கும் எல்லை போட்டார்கள். பந்துவீச்சாளர் எறியும் நேரம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதைத் தளத் திருட்டு என்பார்கள். 2022இல் 2,486 ஆக இருந்த அது அடுத்த ஆண்டிலேயே 3,503 ஆனது. வரிசையின் முதல் ஆள் பெரும்பாலும் வேகமாக ஓடுபவர். அவர் நாலு தவறான பந்தால் சும்மா முதல் தளத்துக்குப் போய், இரண்டாம் தளத்தைத் திருடிவிட்டால், அடுத்தவரின் சாதாரண அடி ஒன்றே அவரை வீட்டுக்குக் கொண்டுவரப் போதும். பந்து ஒருமுறைதான் மட்டையில் சரியாகப் பட்டிருக்கும், ஆனால் உங்கள் "ஓட்டமில்லை" போய்விட்டது.

ஒரே அடியிலும் போகலாம். பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எல்லாத் தளத்தையும் சுற்றி வீட்டுக்கு வந்துவிடுவதுதான் ஹோம் ரன். ஆட்டத்தின் முதல் ஆளாக வந்து ஹோம் ரன் அடிப்பதில் ரிக்கி ஹென்டர்சனின் சாதனை 81.

ஓட்டம் வராத ஆட்டங்கள் எவ்வளவு?

பலர் வழுக்கி விழும் இடம் இது. ஓர் அணி தன் முதல் முறையில் ஓட்டமில்லாமல் போவது நூறில் எழுபது சொச்சம் தடவை. அதைக் கேட்டவுடன் "அப்ப எழுபது வீதம் வெற்றிதானே" என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பந்தயம் இரண்டு அணியைப் பற்றியது. இரண்டுமே ஓட்டமில்லாமல் போக வேண்டும்.

ஓர் அணிக்கு நூறில் 72 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சேர்த்து 0.72ஐ 0.72ஆல் பெருக்க வேண்டும். விடை 0.5184. நூறில் ஏறத்தாழ 52. எழுபது என்று தொடங்கிய நம்பிக்கை ஒரு பெருக்கலோடு காசு சுண்டுவதற்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. சாதாரண தரப் பரீட்சைக்கு நிகழ்தகவு படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கை வகுப்பிலேயே செய்து காட்டலாம். நான் காட்டுகிறேன்.

நூறில் 52 என்றால் பாதியை விடக் கூடத்தானே? "ஓட்டமில்லை" என்று ஒவ்வொரு நாளும் கட்டினால் கடைசியில் லாபம் வராதா?

வராது, ஏனென்றால் விலை அதற்கேற்றபடிதான் போடப்பட்டிருக்கும். ஓர் உதாரணம் எடுப்போம். "ஓட்டமில்லை"க்கு 1.80, "ஓட்டமுண்டு"க்கு 2.00 என்று பந்தயக் கடையின் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. ஆயிரம் ரூபா கட்டி "ஓட்டமில்லை" வந்தால் உங்கள் ஆயிரத்தோடு சேர்த்து 1,800 ரூபா கையில் வரும்.

ஒன்றை 1.80ஆல் வகுத்துப் பாருங்கள். 0.5556. அதாவது நூறில் 55.6 தடவை வென்றால்தான் உங்கள் காசு குறையாமல் நிற்கும். வெல்லப்போவதோ 52 தடவை. நூறு ஆட்டத்துக்கு ஆயிரம் ஆயிரமாக ஒரு லட்சம் கட்டினால் 52 தடவை 1,800 வீதம் 93,600 ரூபா திரும்பி வரும். 6,400 ரூபா போய்விட்டது. "சரி, மறுபக்கம் கட்டுவேன்" என்றால் 48 தடவை 2,000 வீதம் 96,000. அங்கேயும் 4,000 நட்டம்.

இரண்டு பக்கத்தின் வீதத்தையும் கூட்டினால் 55.6 உம் 50 உம் 105.6. உண்மையான நிகழ்தகவு எதைக் கூட்டினாலும் நூறுக்கு மேல் போகாது. மேலதிகமாக இருக்கும் அந்த ஐந்தரைதான் பந்தயக் கடையின் கூலி. புக்கியில் குதிரைக்குக் கட்டிய காலத்திலும் இந்தக் கூலி இருந்தது. போனில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

என்னிடம் வரும் எவரிடமும் நான் முதலில் கேட்பது எந்த அணி என்று இல்லை. என்ன விலை, அந்த விலைக்கு நூறில் எத்தனை தடவை வெல்ல வேண்டும் என்று கேட்பேன். அந்த எண்ணைச் சொல்லக்கூடிய ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

இரண்டு பக்கமும் மிகச் சிறந்த பந்துவீச்சாளர் என்றால்? அப்போதாவது உறுதிதானே?

2025 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தைப் பாருங்கள். ஒக்டோபர் 29, லொஸ் ஏஞ்சல்ஸ். நமக்கு மறுநாள் விடியப்புறம் ஐந்தரை தாண்டிய நேரம். டொட்ஜர்ஸ் அணிக்கு எறிந்தவர் பிளேக் ஸ்நெல். ஆண்டின் சிறந்த பந்துவீச்சாளருக்குக் கொடுக்கும் சை யங் விருதை 2018இலும் 2023இலும் வாங்கியவர். புளூ ஜேஸ் அணிக்கு எறிந்தவர் டிரே யெசவேஜ். வயது 22. பெரிய லீக்கில் அவர் முதல் ஆட்டம் ஆடியதே அந்தச் செப்டெம்பரில்தான். யாரை நம்பிக் கட்டுவீர்கள்?

ஸ்நெல்லின் முதல் பந்தை டேவிஸ் ஷ்னைடர் ஹோம் ரன் அடித்தார். மூன்றாவது பந்தை விளாடிமிர் குரேரோ ஜூனியர் ஹோம் ரன் அடித்தார். உலகத் தொடர் வரலாற்றில் ஓர் ஆட்டத்தின் முதல் இரண்டு பேரும் அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தது அதுவே முதல் தடவை. அனுபவமில்லாத இளைஞரோ முதல் இன்னிங்ஸை ஓட்டமில்லாமல் முடித்து, ஆட்டம் முழுவதிலும் 12 பேரை, அடிக்க விடாமல், வெறும் பந்தாலேயே வெளியேற்றினார். மூன்று நாள் கழித்து நடந்த ஏழாவது ஆட்டத்தில், ஒன்பது இன்னிங்ஸில் சமமாகி 11 இன்னிங்ஸ் வரை போய், 5க்கு 4 என்று டொட்ஜர்ஸ் வென்றது. அதில் முதல் இரண்டு இன்னிங்ஸிலும் ஓட்டமே இல்லை.

பழைய உதாரணமும் ஒன்று. நியூயோர்க் மெட்ஸ் அணியின் பந்துவீச்சாளர் டொம் கிளவின் 2007 ஓகஸ்டில் தன் 300ஆவது வெற்றியைப் பெற்றார். அதே ஆண்டு பருவத்தின் கடைசி நாளில் மெட்ஸ் கட்டாயம் வெல்ல வேண்டிய ஆட்டத்தில், ஒரேயொருவரை ஆட்டமிழக்கச் செய்வதற்குள் ஏழு ஓட்டம் அவர் கணக்கில் ஏறிவிட்டது. மெட்ஸின் பருவம் அன்றோடு முடிந்தது.

நல்ல பந்துவீச்சாளர் நிகழ்தகவைக் கூட்டுகிறார் என்பது உண்மை. ஆனால் அது விலை போடுபவருக்கும் தெரியும். அவர் பெயர் அறிவிக்கப்பட்டவுடன் 1.80 என்பது 1.60 ஆகிவிடும். 1.60க்கு நூறில் 62.5 தடவை வெல்ல வேண்டும். தரம் கூடக்கூட உங்களுக்குக் கிடைக்கும் விலை குறையும், கடையின் கூலி மட்டும் அப்படியே நிற்கும்.

மைதானம், காற்று, வெயில் எல்லாம் பார்த்துக் கட்டுகிறார்களே?

அவற்றுக்குத் தாக்கம் உண்டு. டென்வரின் கூர்ஸ் மைதானம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று ஐது. அடித்த பந்து தூரம் போகும், சுழற்றி எறிந்த பந்து வழமைபோல் வளையாது. பந்து காய்ந்து போகாமலிருக்க ஈரப்பதன் காக்கும் அறையில் அவற்றை வைத்தெடுக்கும் வழக்கத்தை 2002இல் அங்கேதான் தொடங்கினார்கள். சிக்காகோவின் ரிக்லி மைதானத்தில் ஏரிக்காற்று உள்ளே வீசும் நாளும் வெளியே வீசும் நாளும் இரண்டு வேறு மைதானம் போல இருக்கும். சோளகமும் வாடையும் கடலை எப்படி மாற்றும் என்று தெரிந்த நம்மவருக்கு இதைப் புரிய வைப்பது கஷ்டமில்லை.

முதல் இன்னிங்ஸுக்கென்றே வந்த உத்தி ஒன்றும் இருக்கிறது. 2018 மே 19 அன்று டெம்பா பே ரேஸ் அணி, வழக்கமாகக் கடைசி இன்னிங்ஸ்களில் எறியும் செர்ஜியோ ரோமோவை ஆட்டத்தைத் தொடங்க அனுப்பியது. எதிரணி வரிசையின் முதல் சிலர்தான் ஆபத்து, அவர்களை ஒரு புதுத் தோள் வேகமாக முடித்துவிட்டுப் போகட்டும், நீண்ட நேரம் எறிபவர் அதன் பிறகு வரட்டும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. இன்று பல அணிகள் இதைச் செய்கின்றன. பந்தயம் கட்டுபவருக்கு இதனால் வரும் சிக்கல் என்னவென்றால், காலையில் பார்த்த பெயர் ஆட்டம் தொடங்கும்போது மாறியிருக்கலாம். மாறினால் பந்தயம் ரத்தாகுமா, அப்படியே நிற்குமா என்பது கடைக்குக் கடை வேறு.

தோற்றால் அடுத்ததில் இரட்டிப்பாகக் கட்டினால் விட்டதைப் பிடிக்கலாம் என்கிறார்களே?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலை 1.80. முதலில் ஆயிரம் கட்டித் தோற்கிறீர்கள். அடுத்தது 2,000 கட்டி வென்றால் 1,600 லாபம், மிச்சம் 600. இரண்டு தோல்விக்குப் பிறகு 4,000 கட்டி வென்றால் 3,200 லாபம். இழந்தது 3,000, மிச்சம் 200. மூன்று தோல்விக்குப் பிறகு 8,000 கட்டி வென்றால் 6,400 லாபம். இழந்தது 7,000. வென்ற பிறகும் 600 ரூபா நட்டம்.

வென்றும் நட்டப்படும் வழி இது. தொடர்ந்து மூன்று தோற்பது அபூர்வமும் இல்லை. எந்த இடத்தில் தொடங்கினாலும் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு தடவை அது நடக்கும். ஐந்து தொடர் தோல்வியையும் நூறு பந்தயம் கட்டுபவர் ஒரு தடவையாவது சந்திக்கவே வாய்ப்பு அதிகம். அந்த நேரத்துக்குள் 31,000 ரூபா போயிருக்கும், ஆறாவதற்கு 32,000 வேண்டும். வளையல் அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் அந்த ஆறாவதுக்குத்தான்.

மூன்று ஆட்டத்தைச் சேர்த்துக் கட்டினால் ஆறு மடங்கு கிடைக்கிறதே?

1.80ஐ மூன்று தடவை பெருக்கினால் 5.83. மூன்றும் வெல்லும் வாய்ப்பு 0.52இன் மூன்றாம் அடுக்கு, நூறில் 14. பெருக்கினால் நூறு ரூபாவுக்கு 82 ரூபாதான் சராசரியாகத் திரும்பும். தனி ஆட்டத்தில் ஆறு ரூபா கூலி எடுத்த கடை இங்கே பதினெட்டு எடுக்கிறது. சேர்த்துக் கட்டச் சொல்லி விளம்பரம் ஏன் அவ்வளவு வருகிறது என்று இப்போது தெரியும்.

டெலிகிராமில் ஒருவர் தொடர்ந்து ஐந்து நாள் சரியாகச் சொன்னார். அவருக்குக் காசு கட்டலாமா?

கட்ட வேண்டாம். 640 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் நாள் பாதிப் பேருக்கு "ஓட்டமுண்டு", பாதிப் பேருக்கு "ஓட்டமில்லை" என்று அனுப்பினால் 320 பேருக்குச் சரியாக இருக்கும். அடுத்த நாள் அந்த 320ஐப் பிரித்தால் 160. பிறகு 80, 40, ஐந்தாம் நாள் 20. அந்த இருபது பேரின் கண்ணுக்கு அவர் ஐந்து நாளும் பிழை விடாத மனிதர். நீங்கள் அந்த இருபதில் ஒருவர். மற்ற 620 பேரை நீங்கள் காணமாட்டீர்கள்.

பந்தயத் தளங்கள் தரும் போனஸும் இப்படித்தான். பத்தாயிரம் ரூபா போனஸ், அதைப் பத்து மடங்கு சுழற்றிய பிறகுதான் எடுக்கலாம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஒரு லட்சம் ரூபாவுக்குக் கட்ட வேண்டும். மேலே போட்ட கணக்கின்படி அதில் 6,400 போய்விடும். அது சராசரிதான். அதற்கு முன்பே முழுவதையும் இழந்து நிற்பவர்களும் உண்டு.

கனடாவிலிருக்கும் மச்சானின் கணக்கில் நான் இங்கேயிருந்து கட்டலாமா? இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்ராறியோவில் 2022 ஏப்ரல் 4 முதல் ஒன்லைன் பந்தயத்துக்கு அனுமதி பெற்ற சந்தை இருக்கிறது. 19 வயது நிரம்பியவர், அந்த மாகாணத்துக்குள் இருக்கும்போது, தன் சொந்தக் கணக்கில் கட்டலாம். இருக்கும் இடத்தைப் போன் மூலம் சரிபார்ப்பார்கள். இன்னொருவருக்காகக் கட்டுவது விதிமீறல். பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும், அதில் கிடக்கும் காசும் சிக்கும். அங்கே உழைத்து வாழும் உறவுக்காரரை நீங்கள் அந்த இக்கட்டில் மாட்டக் கூடாது.

இங்கே 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. உரிமம் கொடுப்பதும் மேற்பார்வை செய்வதும் அந்த அதிகாரசபையின் வேலை. போனில் திறக்கும் ஏதோவொரு வெளிநாட்டுத் தளம் அதனால் சட்டபூர்வமாகிவிடவில்லை. அப்படிப்பட்ட தளம் வென்ற காசைத் தராமல் விட்டால், அதை யாரிடம் கேட்கப்போகிறீர்கள் என்று கட்டும் முன்பே யோசியுங்கள்.

ஆட்டக்காரரே விலைபோனால்?

முதல் இன்னிங்ஸுக்கும் சூதாட்டத்துக்கும் பழைய உறவு இருக்கிறது. 1919 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், சிக்காகோ வைட் சொக்ஸ் அணியின் எடி சிகொட் தான் எதிர்கொண்ட முதல் ஆளின் உடம்பிலேயே பந்தை எறிந்தார். "பேசியபடி தோற்கப் போகிறோம்" என்று சூதாடிகளுக்குக் கொடுத்த சைகை அது. அன்று சின்சினாட்டி 9க்கு 1 என்று வென்றது. 1921இல் அந்த அணியின் எட்டுப் பேருக்கு ஆயுள் தடை விழுந்தது.

2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த தடையை நீக்கிய பிறகு சிறு சிறு பந்தயங்கள் பெருகின. ஒரு பந்தின் வேகம் எவ்வளவு, அது நல்ல பந்தா தவறான பந்தா என்றுகூடக் கட்டலாம். 2025 நவம்பரில் கிளீவ்லாந்து அணியின் இரண்டு பந்துவீச்சாளர்கள் மீது, சூதாடிகளோடு சேர்ந்து குறிப்பிட்ட பந்துகளைத் திட்டமிட்டு எறிந்ததாக நியூயோர்க்கில் குற்றச்சாட்டுப் பதிவானது. இருவரும் மறுத்திருக்கிறார்கள். உடனேயே ஒற்றைப் பந்துக்கான பந்தயத்தை 200 டொலருக்கு மேல் எடுப்பதில்லை என்று லீக்கும் பந்தய நிறுவனங்களும் இணங்கின. ஒருவர் தனியாகக் கெடுக்கக்கூடியது எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு அது விலைபோகும். முதல் இன்னிங்ஸ் ஒற்றைப் பந்து அளவுக்குச் சிறியதல்ல, ஆனால் முழு ஆட்டத்தை விட மிகச் சிறியது.

நம் நாட்டில் ஆட்ட நிர்ணயம் 2019இன் 24ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பத்து வருடம் வரை சிறை.

மார்க்கத்தில், சமயத்தில் இதற்கு இடமுண்டா?

காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சூது ஹராம் என்று குர்ஆன் சொல்லிவிட்டது, தொகை சிறிதா பெரிதா என்ற பேச்சே அங்கே இல்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவோடு வளர்ந்தவர்களுக்கும் தருமர் எதை வைத்து ஆடினார் என்பது சிறு வயதிலிருந்தே தெரியும்.

என் மகன் விடியப்புறம் நாலரைக்கு எழும்பிப் போனோடு இருக்கிறான். என்ன செய்வது?

நாலரை மணி தற்செயலான நேரமில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு 7.05க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிய 4.35. மேற்குக் கரை ஆட்டம் காலை 7.40 அளவில். ஆட்டம் மட்டும் பார்ப்பவராக இருந்தால் ஐந்தாம் இன்னிங்ஸிலும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் இருபது நிமிடத்தோடு அடுத்ததுக்குத் தாவிக்கொண்டிருந்தால் கேளுங்கள். கோபப்படாமல் கேளுங்கள். கோபப்பட்டால் கடன் தொகையைப் பாதியாகச் சொல்வார்கள்.

கடனை ஒரேயடியாகக் கட்டி ஊருக்குத் தெரியாமல் மூடிவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள். கை காலியான அதே ஆசைக்கு நீங்கள் புதுக் காசு கொடுத்த மாதிரி ஆகிவிடும். முதலில் முழுத் தொகையையும் எழுதச் சொல்லுங்கள். அடகுச் சீட்டு, கிழமைக் கட்டு, நண்பரிடம் வாங்கியது எல்லாம். வங்கி அட்டையையும் போனிலுள்ள வங்கிச் செயலியையும் அவர் சம்மதத்தோடு சில காலம் வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். கனடாவிலிருந்து காசு அனுப்பும் உறவினருக்கும் உண்மையைச் சொல்லுங்கள். அவர் அடுத்த தடவை கேள்வி கேட்காமல் அனுப்பினால் நீங்கள் செய்த அத்தனையும் வீண்.

விட முடியாமல் தவிப்பது நோய். அதற்கு வைத்தியம் உண்டு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் போனிலும் பேசலாம். உயிரை விடுவதைப் பற்றி ஒரு சொல் வாயில் வந்தாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், மறுநாள் வரை பொறுக்க வேண்டாம்.

பந்தயம் வேண்டாம். முதல் இன்னிங்ஸை ரசித்துப் பார்க்க என்ன வழி?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் எனக்கு ஆசை. லீக்கின் செயலியில் ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, என்ன வேகம் என்பதை இலவசமாகப் பார்க்கலாம். பார்க்க ஓர் அணியை மட்டும் எடுங்கள். ஸ்காபரோ உறவினர் இருந்தால் புளூ ஜேஸையே எடுக்கலாம், பேச ஆள் கிடைக்கும்.

முதல் ஆள் அடிக்க வரும்போது அவர் எத்தனை பந்தை விட்டுப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அவர் ஆட்டமிழந்து திரும்பும்போது அடுத்தவரிடம் நின்று ஏதோ சொல்லிவிட்டுப் போவார். என்ன பந்து வருகிறது என்ற தகவல் அது. பந்துவீச்சாளர் தன் இரண்டாவது சிறந்த வகைப் பந்தை முதல் மூன்று பேரிடமே காட்டுகிறாரா, ஆறாம் இன்னிங்ஸுக்கு ஒளித்து வைக்கிறாரா என்று பாருங்கள். முதல் இன்னிங்ஸில் ஒளித்ததற்கு விடை அதே மூன்று பேர் இரண்டாம், மூன்றாம் முறை வரும்போதுதான் கிடைக்கும். அதற்கு ஆட்டத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பகல் 1.05க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 10.35. விடியப்புறம் எழும்ப முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவில் தொடங்கலாம், அன்றைக்குப் பகல் ஆட்டங்கள் அதிகம்.